கப்பல் பயணத்தில் மருந்துப் பை யார் கையில் இருக்க வேண்டும்?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 61, கணவருக்கு 67. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன், வரும் ஜூலையில் எங்களை அங்கே அழைத்து, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டியிருக்கிறான். திருச்சியிலிருந்து விமானத்தில் போகிறோம். போக வர எல்லாம் சேர்த்து 12 நாள். கணவருக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன்னால் பேனா இன்சுலின் போடுகிறார். காலையில் மெட்ஃபார்மினும் டபாகிளிஃப்ளோசினும் சேர்ந்த மாத்திரை, பிரஷருக்கு டெல்மிசார்டான். எனக்குத் தைராய்டு மாத்திரை, மூட்டு வலிக்கு ஒரு மாத்திரை. தூக்கம் வராத நாளில் மட்டும் அல்பிரசோலம்.

மருந்தையெல்லாம் பெரிய பெட்டியில் போட்டுவிட்டால் சோதனையில் தொந்தரவு இருக்காது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இன்சுலினை ஐஸ் இல்லாமல் எப்படிக் கொண்டுபோவது? ஊசியை விடுவார்களா? கடலில் வாந்தி வந்தால் என்ன செய்வது? சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார், தனக்கு ஆறு மாதத்துக்கு மாத்திரை வாங்கி வரச் சொல்கிறார். அதையும் கூடவே எடுத்துப் போகலாமா? கப்பலிலேயே மருந்துக் கடை இருக்கும்தானே?

— ஒரு வாசகி, திருச்சி

பதில்: அம்மா, முதலில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை விட்டுவிடுங்கள். மருந்து பெரிய பெட்டிக்குள் போகவே கூடாது. விமானப் பயணத்துக்கே அப்படித்தான். கப்பல் பயணத்தில் அது இன்னும் முக்கியம். ஏனென்றால் இந்தப் பயணத்தில் உங்கள் பெட்டி பலமுறை உங்களை விட்டுப் பிரிகிறது.

விமானத்தில் பெட்டி பிரிவது எல்லோருக்கும் தெரியும். அது வந்து சேராமல் போகலாம். சேர்ந்தாலும், சரக்கு வைக்கும் பகுதியின் குளிரில் இன்சுலின் உறைய வாய்ப்பு உண்டு. உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் பயன்படாது.

அடுத்து, கப்பலேறும் நாள். துறைமுக வாசலில் பெட்டிக்கு அறை எண் எழுதிய சீட்டைக் கட்டி வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் வரிசையில் நின்று, பாஸ்போர்ட் காட்டி, மதியமே கப்பலுக்குள் போய்விடுவீர்கள். பெட்டி அறை வாசலுக்கு வர மாலையாகும், சில சமயம் இரவுச் சாப்பாட்டு நேரம்கூட ஆகும். உங்கள் கணவர் இரவு ஊசி போட வேண்டிய நேரம் அது.

மூன்றாவது பிரிவுதான் பலருக்குத் தெரியாதது. இறங்குவதற்கு முந்தைய இரவு, பெட்டிகளைக் கட்டி அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். ஊழியர்கள் இரவோடு இரவாக எடுத்துப் போய்விடுவார்கள். மறுநாள் காலை துறைமுகக் கூடத்தில்தான் அதைத் திரும்பப் பார்ப்பீர்கள். மறுநாள் உடுத்தும் துணியை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் பெட்டிக்குள் அடைப்பது நம் வழக்கம். அந்த வேகத்தில் மருந்துப் பையும் உள்ளே போய்விடும். காலையில் ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை, சர்க்கரை பார்க்கும் கருவியும் இல்லை. இறங்கும் வரிசையோ இரண்டு மணி நேரம்கூட இழுக்கலாம். பெட்டி கட்டத் தொடங்கும் முன்பே மருந்துப் பையை எடுத்துக் கட்டிலின் தலைமாட்டில் வைத்துவிடுங்கள். கப்பலின் முழுப் பயணத்திலும் எனக்கு அதிகக் கவலை தருவது அந்த இரவுதான்.

12 நாள் பயணத்துக்கு 12 நாள் மருந்து போதாது. விமானம் ரத்தாகலாம், யாருக்காவது காய்ச்சல் வந்து தங்க நேரலாம். குறைந்தது ஒரு வார மருந்து கூடுதலாக இருக்கட்டும். அதையும் ஒரே பையில் போடாதீர்கள். கணவரின் கைப்பையில் முழு அளவு, உங்கள் கைப்பையில் அவருக்கு இன்னொரு இன்சுலின் பேனா, சில நாள் மாத்திரை. உங்கள் தைராய்டு மாத்திரையில் ஓர் அட்டை அவர் பையில். ஒரு பை தொலைந்தாலும் அடுத்த வேளை மருந்து கையில் இருக்கும்.

இனி இன்சுலின். ஐஸ் பற்றி நீங்கள் கவலைப்படும் அளவுக்கு அவசியமே இல்லை. திறக்காத இன்சுலினை வீட்டில் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கிறோம், அது மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்காக. பயன்படுத்தத் தொடங்கிய பேனாவோ 30 டிகிரிக்குக் கீழே, வெளியிலேயே, பெரும்பாலான வகைகளில் நான்கு வாரம் வரை நன்றாக இருக்கும். அவருடைய இன்சுலினுக்கு எத்தனை நாள் என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சாகியிருக்கும். திறக்காத பேனாவையும் வெளியே எடுத்த நாளிலிருந்து அதே கணக்கில் பயன்படுத்தலாம். 12 நாளுக்கு இது தாராளம். விமானத்திலும் கப்பல் அறையிலும் ஏசி இருக்கிறது. வெயிலில் இறங்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு பாதுகாப்பு வேண்டும். தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் இன்சுலின் உறைகள் பெரிய மருந்துக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. துணிக்குள் இருக்கும் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி, அது மெல்ல ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி நிற்கும். பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான்.

செய்யக் கூடாதது, ஐஸ் கட்டியோடு சேர்த்துப் பிளாஸ்க்கில் போடுவது. ஐஸைத் தொட்டுக்கொண்டிருக்கும் இன்சுலின் உறைந்துபோகலாம். கப்பல் அறையில் இருக்கும் சிறு குளிர்பெட்டியையும் நம்பாதீர்கள். சில கப்பல்களில் அது குளிர்பானத்தை மட்டும் குளிர்விக்கும் அளவுக்குத்தான் வேலை செய்யும், சிலவற்றில் பின்சுவரை ஒட்டி உறைபனி கட்டும். கூடுதல் பேனாக்களைக் குளிரில்தான் வைக்க வேண்டும் என்று நினைத்தால், இப்போதே மகனிடம் சொல்லி, மருத்துவத் தேவைக்கான குளிர்பெட்டி வேண்டும் என்று கப்பல் நிறுவனத்துக்கு எழுதச் சொல்லுங்கள். கேட்டால் தருவார்கள், அல்லது கப்பலின் மருத்துவ மையத்தில் வைத்துக் கொடுப்பார்கள்.

அவர் போடுவது இரண்டு வகை கலந்த, பால் போன்ற இன்சுலினாக இருந்தால், உருட்டிக் கலக்கிய பிறகு ஒரே சீரான வெண்மையாக இருக்க வேண்டும். கட்டி கட்டியாகத் தெரிந்தாலோ, வெள்ளைத் துகள் கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருந்தாலோ அந்தப் பேனாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். தெளிந்த நீர் போன்ற வகையாக இருந்தால் கலங்கலே தெரியக் கூடாது. ஊசியை மாட்டியபடியே பேனாவை மூடி வைக்கும் பழக்கம் இருந்தால் பயணத்தில் விட்டுவிடச் சொல்லுங்கள். காற்றுக்குமிழி புகும், மருந்து கசியும், அளவு தவறும்.

ஊசியை விடுவார்களா என்றால், விடுவார்கள். இன்சுலினும் ஊசியும் ஒரே பையில் இருக்க வேண்டும், கூடவே மருத்துவரின் கடிதம் இருக்க வேண்டும். 100 மில்லி திரவக் கட்டுப்பாடு, பயணத்துக்குத் தேவையான மருந்துக்குப் பொருந்தாது. ஆனால் சோதனைத் தட்டில் பையை வைக்கும்போதே எடுத்துக் காட்டிச் சொல்லிவிடுவது நல்லது. பயன்படுத்திய ஊசியை அறைக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். அந்தக் கூடையைக் கையால் அள்ளுகிறவர் ஓர் ஊழியர். ஊசி குத்தினால் அவருக்கு மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றுமோ என்ற பயத்தோடு மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருக்க வேண்டும். ஊசி போடும் டப்பா வேண்டும் என்று அறை ஊழியரிடம் கேளுங்கள், கொண்டுவந்து தருவார். அது வரும்வரை திருகு மூடி போட்ட கெட்டியான பிளாஸ்டிக் டப்பா போதும்.

அடுத்தது பெயர் விஷயம். நம் ஊரில் மருந்துக் கடையில் ஆறு மாத்திரை கேட்டால் கத்தரியால் அட்டையை வெட்டிக் கொடுக்கிறார்கள். மருந்தின் பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொரு துண்டில் என்று பிரிந்துவிடும். நம் கைக்கு வருவது பல நேரம் வெறும் வெள்ளித் தாள். வீட்டில் நிறத்தைப் பார்த்தே அடையாளம் தெரியும். வெளிநாட்டுச் சுங்க அதிகாரிக்கு அது பெயரில்லாத மாத்திரை. இந்தப் பயணத்துக்கு முழு அட்டையாக, வெளிப்பெட்டியோடு, பில் போட்டு வாங்குங்கள். வேளை வேளையாகப் பிரித்து வைக்கும் டப்பாவைக் கப்பலுக்குள் போன பிறகு நிரப்பிக்கொள்ளலாம். மீதி மருந்து அதனதன் அட்டையிலேயே இருக்கட்டும்.

மருத்துவரின் கடிதம் அச்சிட்ட தாளில், ஆங்கிலத்தில், பதிவு எண்ணோடும் முத்திரையோடும் இருக்க வேண்டும். நோய், மருந்தின் பொதுப்பெயர், அளவு, ஒரு நாளைக்கு எத்தனை வேளை, ஊசி தேவை என்ற வரி இவ்வளவும் அதில் வேண்டும். கம்பெனிப் பெயர் மட்டும் எழுதினால் போதாது, இங்கே விற்கும் பெயர் பினாங்கு மருந்தாளருக்குத் தெரியாது. டெல்மிசார்டான் என்றால் உலகம் முழுக்கத் தெரியும். இன்னொன்றும் உண்டு. நம் மருந்துச் சீட்டுகளில் 'திருமதி கமலா, 61' என்று மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே பெயர் கணவர் பெயரோடோ தகப்பனார் பெயரோடோ நீளமாக இருக்கும். கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் எழுதச் சொல்லுங்கள், பாஸ்போர்ட் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். அதைப் படம் எடுத்து இருவர் போனிலும் சேமித்து வையுங்கள். கடலுக்கு நடுவில் இணையத்துக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். அதனால் படம் போனுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

உங்கள் மருந்துகளில் இரண்டு எனக்கு யோசனை தருகின்றன. அல்பிரசோலம் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் வகை. தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை, கடும் வலி மாத்திரை ஆகியவற்றில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகள் இருக்கக்கூடும் என்பதால், அவற்றைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவர அந்த நாட்டின் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம். ஆணையத்தின் இணையதளத்தில் பொதுப்பெயரைக் கொண்டு தேடலாம், விண்ணப்பமும் அங்கேயே போடலாம். உங்கள் மகனை இன்றே பார்க்கச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் செய்கிற வேலை இல்லை இது. நீங்கள் உண்மையிலேயே எப்போதாவதுதான் போடுகிறீர்கள் என்றால், உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது உத்தமம். ஆனால் கிட்டத்தட்ட தினமும் போடுகிறவர் என்றால் சட்டென்று நிறுத்தக் கூடாது. படபடப்பு, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரும். அப்படியானால் அனுமதி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

மூட்டு வலிக்கு ஒரு மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள், என்ன மாத்திரை என்று எழுதவில்லை. அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். வெறும் பாராசிட்டமால் என்றால் பிரச்சினை இல்லை. பாராசிட்டமாலோடு டிரமடால் சேர்ந்த மாத்திரையை மூட்டு வலிக்கு நம் ஊரில் நிறையவே எழுதுகிறார்கள். டிரமடாலை 2018இல் இந்தியாவே போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டது. அதுதான் உங்களுடையது என்றால் இதையும் அந்தத் தளத்தில் பார்த்தாக வேண்டும். மலேசியா, தாய்லாந்து இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம். மருத்துவரிடம் மாற்று மாத்திரை கேட்பதே சுலபம். கோடீன் கலந்த இருமல் மருந்து வீட்டில் இருந்தால் அதையும் பையில் வைக்க வேண்டாம். நடந்து நடந்து கால் வலிக்கிறது என்று உங்கள் வலி மாத்திரையைக் கணவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை சர்க்கரையும் பிரஷரும் உள்ளவரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதுவும் வெயிலில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில்.

நாத்தனாருக்கு மாத்திரை வாங்கிப் போக வேண்டாம். உறவில் மனக்கசப்பு வரும் என்று தெரிந்தே சொல்கிறேன். சிங்கப்பூரின் சலுகை, பயணி தன் சொந்தத் தேவைக்குக் கையோடு கொண்டுவரும் மருந்துக்கு மட்டும்தான். அதுவும் மூன்று மாதத் தேவைக்கு மேல் போகக் கூடாது. இன்னொருவருக்கு ஆறு மாத மருந்து இதில் எப்படியும் அடங்காது. மாட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் பெட்டிக்குச் சொந்தக்காரரான நீங்கள். அவருடைய மருந்தை அவருக்கு அங்கேயே எழுதிக் கொடுக்க மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

அதேபோல, தாளில் மடித்த சூரணப் பொட்டலம், லேபிள் இல்லாத லேகியம் எதுவும் வேண்டாம். சில ஆயுர்வேத மருந்துகளில் 'விஜயா' என்ற பெயரில் கஞ்சா இலை சேர்கிறது. இங்கே உரிமத்தோடு விற்பதுதான், ஆனால் சிங்கப்பூரில் அது போதைப்பொருள். மகனுக்குப் பிடிக்குமே என்று குருமாவுக்குக் கசகசா எடுத்துப் போக நினைத்தால் அதையும் எடுத்து வைத்துவிடுங்கள். சிங்கப்பூரில் அதற்குத் தடை உண்டு.

வாந்தி விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை மலாக்கா நீரிணை, பெரும்பாலும் அமைதியான கடல். புக்கெட் பக்கம் அந்தமான் கடல். ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் என்பதால் ஆட்டம் இருக்கலாம். புரோமெத்தசின், சின்னரிசின் இரண்டும் இங்கே எளிதாகக் கிடைக்கும் மாத்திரைகள். வாந்தி வந்த பிறகு போட்டால் பெரிதாகப் பலன் இராது. கப்பல் ஆடத் தொடங்கும் முன், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும். இரண்டுமே தூக்கத்தைக் கொடுக்கும். அன்றிரவு அல்பிரசோலத்தையும் சேர்த்துப் போட்டால், நள்ளிரவில் கழிவறைக்கு எழும்போது கால் தள்ளாடும். கப்பல் அறையின் குளியலறை வாசலில் நிலைப்படி உயரமாக இருக்கும். இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் கடலுக்கு நடுவில் அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. கணவருக்குப் புராஸ்டேட் வீக்கமோ கண் அழுத்த நோயோ இருந்தால் புரோமெத்தசின் ஆகாது. கை நடுக்கம், பார்க்கின்சன் உள்ளவர்களுக்குச் சின்னரிசின் ஆகாது. எனவே உங்கள் மருத்துவர் சொல்லும் ஒன்றை மட்டும் வாங்கி, ஊரிலேயே ஒரு நாள் இரவு போட்டுப் பார்த்துவிடுங்கள்.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் உங்கள் கணவருக்கு அது சாதாரண விஷயம் இல்லை. சாப்பிடாமல், நீர் வற்றிய நிலையில் டபாகிளிஃப்ளோசின் போட்டால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. சர்க்கரை அளவு அவ்வளவாக ஏறாமலே அமிலம் ஏறும், அதனால் கருவியைப் பார்த்து ஏமாந்துவிடுவோம். அந்த நேரத்தில் மெட்ஃபார்மினும் டெல்மிசார்டானும்கூட ஆபத்தாகலாம். எதை நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதைப் புறப்படும் முன்பே அவருடைய மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினை மட்டும் தன்னிச்சையாக முழுக்க நிறுத்தக் கூடாது, அளவைத்தான் மாற்ற வேண்டும். ஓஆர்எஸ் பொட்டலம் நான்கைந்து பையில் இருக்கட்டும். வாந்தி நிற்கவில்லை என்றால் காசு பார்க்காமல் கப்பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். கப்பலில் வேகமாகப் பரவும் நோரோவைரஸ், கைக்குத் தடவும் திரவத்துக்கு அவ்வளவாக அடங்காது. சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் வழி.

நேர வித்தியாசம் பெரிதில்லை. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், தாய்லாந்து ஒன்றரை மணி நேரம் முன்னால். அவருடைய ஊசி சாப்பாட்டைச் சார்ந்தது என்பதால் கடிகாரத்தைவிடத் தட்டைப் பார்க்க வேண்டும். குறைந்த கட்டண விமானங்களில் முன்பே பணம் கட்டியிருந்தால்தான் சாப்பாடு உறுதி. சாப்பாடு கைக்கு வரும் என்று தெரியாமல் ஊசி போட வேண்டாம். கப்பலிலும் அப்படியே. அறையில் ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்பி, உணவுக்கூட வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, தலை சுற்றி வியர்த்துப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இடம் பிடித்து உட்கார்ந்த பிறகே ஊசி.

பினாங்கிலோ புக்கெட்டிலோ இறங்கிச் சுற்றும் நாளில் கருவி, அன்றைய மருந்து, குளுக்கோஸ் பொட்டலம் மூன்றும் தோளில் தொங்கும் பையில் இருக்க வேண்டும். வெயிலில் நடந்தால் இன்சுலின் வேகமாக வேலை செய்யும். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். பையைச் சுற்றுலா வண்டியிலேயே விட்டு இறங்கக் கூடாது. நிறுத்தி வைத்த வண்டிக்குள் ஏறும் சூட்டில் இன்சுலின் கெட்டுவிடும். உங்கள் தைராய்டு மாத்திரைக்கு ஒரே நிபந்தனை: காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு, பிறகு அரைமணி நேரத்துக்குக் காபி கூடாது.

கப்பலில் மருத்துவரும் செவிலியரும் இருப்பார்கள், அவசரச் சிகிச்சைக்கான மருந்துகள் இருக்கும். ஆனால் நீங்கள் தினமும் சாப்பிடும் மருந்தெல்லாம் அடுக்கி வைத்த கடை அங்கே கிடையாது. பார்க்கிற ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் அறைக் கணக்கில் ஏறும், அது நம் ஊர்க் கட்டணம் போல் இருக்காது. இங்கே வாங்கிய மெடிக்ளைம் பெரும்பாலும் அங்கே செல்லாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, பிரஷர் இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோயால் வரும் செலவும், கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

இந்த வாரமே இருவரின் எல்லா மருந்து அட்டைகளையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். கடிதம், மாற்று வலி மாத்திரை, வாந்தி மாத்திரை, நோய்வாய்ப்பட்ட நாளுக்கான குறிப்பு நான்கையும் ஒரே நாளில் வாங்கிவிடலாம். சிங்கப்பூர் அனுமதி தேவைப்பட்டால் விண்ணப்பத்தோடு இணைக்க அந்தக் கடிதம்தான் முதலில் வேண்டும்.